சூசை அண்ணை கழுவிய கோப்பைகள்

திங்கட்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சூசை அண்ணையின் மனைவி மெற்றில்டா அக்காவின் அழைப்பு வந்தது. "மாஸ்ரர், அவர் போயிட்டார்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் அமெரிக்காவில் வாக்களிப்பு. அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்ததை மறைத்தால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். இனி யார் வென்றாலும் எல்லோரும் சூசை அண்ணையைப் பற்றித்தான் கதைக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வண்டியை ஓரமாக விட்டுவிட்டு அழுதது அதற்குப் பிறகு.

ஒஸ்லோவில் தமிழ்ப் பூசைக்கு வரும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பஸ் சாரதி, மன்னார்க்காரர், பேஸ்போல் பைத்தியம். இளம் வயதில் நோர்வேக் கப்பல் ஒன்றில் வேலை செய்தவர். அந்தக் கப்பல் பழுதாகி ஆறு கிழமை அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது, அங்கே ஒரு துறைமுகத் தொழிலாளி அவரை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். அதோடு பிடித்தது. வேலை முடிந்து பின்னேரம் வீட்டுக்கு வந்து, முதல் நாள் ஆட்டத்தின் பதிவைப் பார்ப்பார். வழியில் யாரைக் கண்டாலும் "முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று கையெடுத்துக் கும்பிடுவார். நாங்கள் இருக்கும் பியோர்ண்டால் பகுதியில் அந்த முடிவு தெரிந்த ஒருவரும் இருக்கவில்லை.

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். இங்கே சலவைத் துணியோடு சீவித்தாலும், பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கோப்பி குடிக்கும் நேரம் அரசியல் சொல்வது நானாகத்தான் இருந்தது. சூசை அண்ணை பேர்கன் நகரில் இருந்து மாறி வரும்வரை அப்படித்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு அமெரிக்க மாநிலங்களின் படத்தைக் கொண்டுபோய் மேசையில் விரித்து, வேட்பாளர்கள் ஏன் சில மாநிலங்களை எட்டியும் பார்ப்பதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். சூசை அண்ணை என் படத்தின் மேல் நாலு கட்லட்டைப் பேஸ்போல் மைதானத்தின் நாலு மூலையாக வைத்தார்.

"இஞ்சை பாருங்கோ. இவன் பந்தை எறியிறவன். எதிரிலை நிக்கிறவன் பெரிய அடிகாரன். அவனுக்கு எறிஞ்சா அடி விழும். அப்ப என்ன செய்யிறது? நாலு பந்தை வேணுமெண்டு வெளியாலை எறிஞ்சு, போடா ராசா எண்டு முதல் கட்லட்டுக்குச் சும்மா நடக்க விடுறது. அடுத்து வாறவன் சோத்தி, அடிக்கத் தெரியாதவன். அவனைப் பிடிக்கலாம். தோக்கப்போற மாநிலத்துக்கு ஏன் போகேல்லை எண்டால் இதுதான்."

நான் அரை மணித்தியாலம் சொன்னதைத்தான் அவர் ஒரு நிமிடத்தில் சொன்னார். எல்லோரும் கதிரையை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் போனார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி, "கட்லட்டை வைச்சு வடிவாய் விளங்கப்படுத்தினார்" என்றாள். என் படத்தில் எண்ணெய்க் கறை நாலு. அந்தப் படத்தை நான் பிறகு விரிக்கவேயில்லை.

பிஸ்கற் தகரம் என்னுடைய யோசனை. ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலுக்கும் முந்திய ஞாயிறு எல்லோரும் யார் வெல்வார் என்று துண்டில் எழுதி, பெயரும் எழுதி, மடித்துத் தகரத்தில் போட வேண்டும். முடிவு வந்தபின் ஞாயிறு திறப்போம். பிழையாக எழுதியவர்கள் அன்றைய கோப்பி கோப்பைகளைக் கழுவ வேண்டும். இதை விளையாட்டு என்று சொல்லித்தான் தொடக்கினேன். உண்மையில், யாருடைய கதை சரி என்று எல்லோரும் கண்ணால் காண வேண்டும் என்பதே என் நோக்கம்.

அதன் பிறகு வந்த மூன்று தேர்தலிலும் நான் சரி. மூன்றிலும் சூசை அண்ணை பிழை. மூன்று முறையும் அவர் சேர்ட் கையை மடித்துவிட்டுக் கழுவ நின்றார். சனம் முழுக்கத் தொட்டியைச் சுற்றி நின்று, தான் எப்படித் தோற்றேன் என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தது. "மூண்டாம் முறையும் அதே பந்தை எறிஞ்சா அடிகாரன்ரை கண் பழகியிடும். என்ரை ஆள் அதே பேச்சைத்தான் எறிஞ்சவர்" என்று நுரையோடு கையை வீசிக் காட்டினார். வென்ற நான் மேசையில் தனியாக இருந்து ஆறின கோப்பியைக் குடித்தேன். சரியாகச் சொன்னவனை விட்டுவிட்டுத் தோற்றவனிடம் போய் நிற்கும் சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் வானொலியில் அமெரிக்கத் தேர்தல் பற்றிப் பேச ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவருடைய சும்மா நடக்க விடும் கதையை, அவர் பெயரைச் சொல்லாமல், என் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்து ரயில் நிலையத்துக்கு வருமுன் அவருடைய அழைப்பு வந்தது. கொஞ்ச நேரம் மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

"நல்லாய்ச் சொன்னியள் மாஸ்ரர். ஒரு சின்ன விசயம். நீங்கள் மூண்டு பந்து எண்டு சொல்லிப்போட்டியள். அது நாலு. இப்ப எறியாமலே விடலாம் எண்டு சட்டம் மாத்திட்டாங்கள், ஆனா எறிஞ்ச காலத்திலை நாலு. பயப்பிடாதேங்கோ, இஞ்சை என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்காகவும் எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் நாங்கள் சமமாகியிருப்போம்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தது ஒக்ரோபரில். வேலை இடைவேளையில் மேல்மாடிக்கு ஏறிப்போவேன். மெலிந்திருந்தார். பந்தை எறியும் பிட்சர் களைத்துவிட்டால் அணியின் மனேச்சர் மைதானத்துக்குள் நடந்து வந்து கையை நீட்டுவார், பந்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், விவாதம் கிடையாது என்று முன்பே சொல்லியிருக்கிறார். அன்று கதவைப் பார்த்துக்கொண்டு, "மனேச்சர் நடந்து வாறார் போலை கிடக்கு மாஸ்ரர்" என்றார். சாகும்போதும் நல்ல வசனம் இவருக்குத்தான் கிடைக்கிறது என்று நினைத்தேன். இப்படிப்பட்டவன்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

அன்று தேர்தலும் கதைத்தோம். ஆளுங்கட்சி தோற்கும் என்பது என் கணக்கு. வெல்லும் என்றார் அவர். பிறகு, பிட்சரையும் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரையும் பற்றிச் சொன்னார்.

"கேட்சர் விரலாலை சைகை காட்டுவான், இன்ன பந்தை எறி எண்டு. சைகை மாறிச்சுதோ, பந்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ரெண்டு பேரும் விசரர் மாதிரி நிப்பினம். அதிலை ஆரிலை பிழை எண்டு கேக்கக் கூடாது."

"இதுக்கும் தேர்தலுக்கும் என்ன தொடர்பு அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. சும்மா ஞாபகம் வந்தது."

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு வழக்கம்போல் தகரத்தில் துண்டு போட்டோம். அவருடைய துண்டை மெற்றில்டா அக்கா மடித்தபடி கொண்டுவந்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். மூன்று முறை சரியாக எழுதி எனக்குக் கிடைத்தது ஆறின கோப்பி. இந்த முறை கட்டிலில் கிடக்கும் வருத்தக்காரர் ஒருவேளை சரியாகச் சொல்லிவிட்டால், பிறகு என்னை யார் தேடுவார்கள்? அவரைத் தனியாக வெல்ல விடக் கூடாது. ஆளுங்கட்சி என்று எழுதி மடித்துப் போட்டேன். நான் நம்பாத ஒன்றை எழுதியது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் அவர் போனார். ஆளுங்கட்சி தோற்றது.

அடக்கத்துக்குப் பிறகு மண்டபத்தில் இருக்க இடமில்லை. பேர்கனில் இருந்துகூட வந்திருந்தார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். மெற்றில்டா அக்காதான் தகரத்தைத் திறக்கச் சொன்னார். "அவர் எண்டால் திறக்கச் சொல்லியிருப்பார்."

துண்டுகளை வாசித்தது கோப்பிக்குப் பொறுப்பான ஜெசிந்தா. ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். என்னுடையதை வாசித்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. "மாஸ்ரருமா பிழை?" என்று யாரோ கேட்டார்கள்.

கடைசித் துண்டு அவருடையது. ஜெசிந்தா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"மாஸ்ரர்... என்ன எழுதினாரோ... அதுதான் என்ரையும். மூண்டு தரம் பாத்திட்டன்... மனுசன்ரை கணக்குப் பிழைக்காது. சூசை."

சிலர் சிரித்தார்கள். ஜெசிந்தா என்னைப் பார்த்து, "அப்ப இதுவும் பிழைதானே அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "ரெண்டும் பிழை."

சேர்ட் கையை மடித்துவிட்டுத் தொட்டியடிக்குப் போனேன். பிழையாக எழுதிய மற்றவர்களும் வந்தார்கள், ஆனால் அவர் பங்கை நான் யாருக்கும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சனம் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றது. எத்தனையோ வருடமாக நான் ஆசைப்பட்ட இடம் அது. ஏன் பிழைத்தது மாஸ்ரர் என்று கேட்டார்கள். நான் அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினேன். அதற்கான பதிலைத்தான் இங்கே உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

மெற்றில்டா அக்கா அந்தத் துண்டை என்னிடமே தந்தார். பேர்சில் இருக்கிறது. அவரிடம் இருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் அண்ணை, என் வாழ்நாளில் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு துண்டு போட்டவர் நீங்கள் ஒருவர்தான், அன்று நான் உங்களைப் பார்த்து எழுதிவிட்டேன்.