நோன்புக் கஞ்சிக்கு மட்டும் வரிசை

தோற்றுவிட்டோம், நானும் பள்ளிக்கூட டீச்சரும். டீச்சர் கேட்டது வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட். எல்லா மதங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தர.

அவர் அப்படிக் கேட்கக் காரணம் என் அண்ணன் மகள் துளசி. ஏழாம் வகுப்பு. போன வாரம் அவள் பிறந்தநாள் மிட்டாயை நீட்டியபோது, எப்போதும் ஒட்டிக்கொண்டே திரியும் ஃபாத்திமா "நோம்பு" என்று மறுத்திருக்கிறாள்.

"சோறு வேண்டாம்னாச் செரி. ஒரு மிட்டாய்க்கு என்னடி பிகு?" என்று கத்தியிருக்கிறாள் துளசி. நோன்பில் தண்ணீர்கூடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை.

இன்று பி.டி.ஏ. கூட்டம். முதலில் எழுந்தவர் என் அண்ணன்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைக்குக் கணக்கே வரமாட்டீங்குது. இதுல அடுத்தவங்க சாமி எதுக்குங்க?"

ஃபாத்திமாவின் அத்தா, செருப்புக் கடைக்காரர், உடனே எழுந்தார். "அவரு சொல்றது சரிதாங்க. எங்க புள்ளைக்கு எங்க மார்க்கம் போதும்."

கைதட்டல். எங்கள் ஊரில் இத்தனை மத ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது, சித்தூர் ரோட்டுப் பள்ளிவாசல் முன்னால் அண்ணன் பைக்கை நிறுத்தினார். பையிலிருந்து தூக்குவாளியை எடுத்தார். நோன்புக் கஞ்சிக்கு வருஷம் தவறாமல் வரிசையில் நிற்பவர்.

"இத எதுக்குக் காச்சறாங்கன்னு தெரியுமாண்ணா?"

"வவுத்துக்கு நல்லது. சும்மா வா அம்மிணி."

கஞ்சி வேண்டும். அதைக் காய்ச்சுகிறவர்களின் பசியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லக் கூடாது. உங்கள் ஊரிலும் இப்படித்தானா?

வீட்டுக்கு வந்ததும் துளசியை அண்ணன் எதிரில் உட்கார வைத்தேன். "இந்தக் கஞ்சி எதுக்குன்னு உங்கப்பாவக் கேளு" என்றேன். தூக்குவாளியை நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.