மூன்றாவது காசு

டிப்போவில் அந்தக் கண்டக்டருக்கு மியூசியம் என்று பெயர். வைத்தவன் அவர் பஸ்ஸின் டிரைவர். வயதில் சின்னவன், வாய் மட்டும் காது வரைக்கும். "அண்ணே, சில்லறை கேட்டா குடுங்க, கையில வச்சுக்கிட்டு ஜாதகம் பாக்காதீங்க" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கத்துவான். பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டரும் சிரிப்பார்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே வழித்தடம். நீட்டின காசை வாங்கும்போதே ஒரு திருப்பு, ஒரு பார்வை. குறைவாக அச்சடித்த வருஷமா, எழுத்து இரட்டையாக விழுந்ததா, ஓரம் சரியாக வெட்டப்படாததா, அந்த ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். அது போய்ச் சட்டைப்பையில் விழும், சட்டைப்பையிலிருந்து அதே மதிப்புக்கு ஒன்று தோல்பைக்குள் விழும். ஒரு காசு கூடக் குறைய வைத்தார் என்று ஒருத்தன் சொல்ல முடியாது.

வீட்டில் ஜன்னலோரமாக ஒரு மேசை, அவர் ராஜ்ஜியம். கண்ணாடிக் கிண்ணம், இடுக்கி, பஞ்சு, ஒரு பாட்டில் அசிட்டோன். காசை அதில் ஊறப்போட்டால் பிசுக்கு, பசை, எண்ணெய் எல்லாம் தானாகக் கழன்றுவிடும். எடுத்துக் காற்றில் உலர்த்த வேண்டும், அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தேய்ச்சுப் பளபளப்பாக்கினா அது காசு இல்ல, பாத்திரம்" என்பார். முகப்பில் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பெண்டாட்டிக்கும் அதே சட்டம்.

டிரைவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. இத்தனை காசையும் அவர் புரட்டியது ஒரே ஒரு காசுக்காக.

அவருக்கு ஒரு மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயதில் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நீங்க குடுக்கிற காசு திரும்ப உங்ககிட்டயே வருமா?" வந்தாலும் வரும், யாருக்குத் தெரியும் என்றார் இவர். "அப்போ அடையாளம் வச்சு அனுப்புவோம்" என்று ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்துவிட்டாள்.

"ஐயையோ, கீறாதடி! காசு மேல கீறினா அந்தத் தழும்பு நூறு வருஷம் ஆனாலும் போகாது. அம்மாவோட நெயில் பாலிஷ் இருக்கில்ல, அதுல ஒரு சொட்டு வை. வேணாம்னா எடுத்துடலாம், வச்ச தடமே தெரியாது."

சொன்னது இவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பு, உள்ளே மினுமினுப்புத் தூள் போட்டது. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி வைத்தாள். முதல் காசு பதினோரு நாளில் திரும்பி வந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை போட்ட ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். இரண்டாவது, ஏழு மாதம் கழித்து வந்தது. மூன்றாவதை அவளுக்குப் பத்து வயது நடக்கும்போது அனுப்பினார்கள். சாதாரணக் காசு, எல்லார் வீட்டிலும் கிடப்பது. கிடைத்த காசையெல்லாம் நோட்டில் வருஷத்தோடு எழுதி வைக்கிற மனுஷன், அதன் வருஷத்தை மட்டும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? புள்ளிதான் இருக்கிறதே.

அது போய் மூன்று வாரத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல். நாலாவது நாள் ஆஸ்பத்திரியில், "அப்பா, வந்துச்சா?" என்று கேட்டாள். "நாளைக்கு வரும்டா" என்றார். நாளைக்குப் பாப்பாவே இல்லை. அதை எப்படிச் சொன்னாலும் அவ்வளவுதான்.

காரியங்கள் முடிந்து அவர் மறுபடி வேலைக்குப் போய் வந்த முதல் நாள், கதவைத் திறந்த பெண்டாட்டி கேட்டாள்: "வந்துச்சா?"

"இல்ல."

பதினாலு வருஷம். இருவருக்கும் சண்டை வந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நாட்களில்கூட அந்த ஒரு வார்த்தை மட்டும் நிற்கவில்லை. அவள் கேட்பாள், அவர் இல்லை என்பார், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். பாவிமனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். அசிட்டோனில் போடுவதற்கு முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுவார். நெயில் பாலிஷை அழிக்கிற சரக்கும் அதுதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

கடைசி நாள் வந்தது. மறுநாள் முதல் தோல்பை இல்லை, ரிட்டயர்மென்ட். காலை ஷிஃப்ட். டிரைவருக்கே அன்றைக்கு வாய் அடைத்துப்போயிருந்தது. கடைசி நடையில் மூட்டை முடிச்சோடு ஒரு பெண் ஏறினாள். வீடு மாற்றிக்கொண்டு போகிறாளாம். சில்லறை இல்லை என்று பையைத் துழாவி, டேப் சுற்றிய கறுப்பு உருளை ஒன்றை நீட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. சாப்பாட்டு மேசை ஒரு கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஏழு காசை அடுக்கி டேப்பைச் சுத்தி அடியில குடுத்திருந்தோம். வருஷக்கணக்கா ஆயிடுச்சு. இன்னைக்கு மேசையைத் தூக்கினதும்தான் ஞாபகமே வந்துச்சு."

"அப்போ இனிமே அந்த மேசை ஆடுமே" என்று சிரித்தார் கண்டக்டர். அவள் டிக்கெட்டுக்குத் தன் பையிலிருந்து போட்டுவிட்டு, மீதியைக் கொடுத்துவிட்டு, உருளையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டேப்பிலிருந்து பசை உருகி ஏழு காசும் ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தன.

"வந்துச்சா?" என்றாள் பெண்டாட்டி.

"இல்ல."

அன்றைக்கு மட்டும் அவள் உடனே உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள். "சரி விடுங்க. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரிந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். மேசையில் உட்கார்ந்து டேப்பை உரித்தார். கட்டியைப் பிரித்துப் பார்க்க நகத்தை விட்டார், அசையவில்லை. கத்தியை விட்டால் கீறல் விழும். முகமே தெரியாத காசை எங்கே லென்ஸ் வைத்துப் பார்ப்பது? கட்டியோடு கிண்ணத்தில் போட்டு அசிட்டோனை ஊற்றி மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

அரைமணி கழித்துத் திறந்தார். பசை தோல் தோலாக உரிந்து கிடந்தது. காசுகள் ஏழும் பிரிந்து, சுத்தமாக, பொட்டுப் பழுதில்லாமல் இருந்தன. திரவம் இளஞ்சிவப்பாக இருந்தது. கிண்ணத்தின் அடியில் நாலைந்து மினுமினுப்புத் தூள்.

இடுக்கி தவறி விழுந்தது. வெறும் விரலைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார், லென்ஸில் பார்த்தார், வெயிலில் சாய்த்துப் பார்த்தார். ஏழும் ஒரே மாதிரி. ஒன்றிலும் ஒரு தடம் இல்லை. பதினாலு வருஷம் ஊரெல்லாம் தேடின காசு யாரோ ஒருத்தர் வீட்டு மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கைக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்ததை அவரே கழுவிவிட்டார்.

உலகத்தில் வேறு யாரும் அந்தப் பாலிஷ் பூசவில்லையா என்று கேட்கலாம். அவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

"என்னங்க, சோறு ஆறுது" என்று வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள். நேரே உள்ளே போய், அலமாரியிலிருந்து காய்ந்துபோன பாட்டிலை எடுத்துவந்து கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே நிறம்.

"எதுங்க?"

"தெரியலம்மா."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். தெரியல. கீறறேன்னுதான் கொழந்த சொன்னா. நான்தான் வேணாம்னேன். நான்தான்..." அறுபது வயது மனுஷன் மேசையில் தலையை வைத்து ஓவென்று அழுதார்.

அவள் ஏழு காசையும் அள்ளினாள். முகப்பில் விரல் படக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். எதிலாவது தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, ஏழாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அவர் பால் வாங்கப் போனார். வேறு எங்கும் போக வேண்டியதில்லையே. திரும்பி வந்து கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

அவர் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.