இரண்டாவது வயலின்

எங்கள் மாடி அறையை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தறிச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். வயலினோடு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர்தான், "சத்தம் எப்போது நிற்கும்?" என்று கவலையோடு கேட்டவர். பொழுது சாயும் வரை நிற்காது என்றேன். உடனே பெட்டியை இறக்கிவிட்டார். கொஞ்சம் மறை கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செக் நாட்டுக்காரர். சிறு வயதில் மேடை ஏறி, தலை நரைக்கும் வரை நாடு நாடாக வாசித்தவர். பேர் வாங்கியதெல்லாம் தங்கையோடு ஜோடியாக வாசித்துத்தான். அக்கா முதல் வயலின், தங்கை இரண்டாவது. தங்கை இறந்த பிறகு இவர் தனியாக வாசித்தாலும் பக்கத்தில் தங்கையின் வயலின் சேர்ந்து கேட்கிறதாம். ஒரு பெரிய கச்சேரியில் பயந்துபோய்ப் பாதியிலேயே வில்லைக் கீழே வைத்துவிட்டார். மனப்பிரமை என்றார்கள் டாக்டர்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்துக்குச் சேலை வாங்க வந்த அன்று வாசித்துப் பார்த்தபோது, தறிகளின் இரைச்சலில் அந்த இரண்டாவது வயலின் அடங்கிப்போயிருக்கிறது. அடுத்த மாதம் சென்னையில் கச்சேரி; அதற்குப் பழகத்தான் இந்த அறை. அதையும் பாதியில் நிறுத்தினால் இனி யாரும் மேடை தர மாட்டார்கள். அவருடைய அரைகுறை இங்கிலீஷும் என்னுடைய அரைகுறை இங்கிலீஷும் சேர்ந்து இவ்வளவையும் பேசி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அமாவாசையன்று நாங்கள் யாரும் தறியில் உட்கார மாட்டோம். அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து பழகிய விஷயம், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அன்று காலை தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடவில்லை. நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் வாசிப்பு ஆரம்பித்தது. சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"இன்னாமே, மேல ரெண்டு பேரா வாசிச்சிக்கினு இருக்குறாங்க?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. மேலே ஏறினேன். கதவு திறந்திருந்தது. அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்ததும் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார். அவருடைய வயலின் நின்றது. அவருக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியிலிருந்து இன்னொன்று, தொடங்கிய வரியை நிதானமாக முடித்துவிட்டு, அதற்குப் பிறகு நின்றது.

"எத்தனை வயலின் கேட்டது?" என்றார்.

"ஒண்ணுதான் மேடம்."

பயம்தான் காரணம். என் வீடு, என் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம். அதோடு, இப்படிச் சொன்னால் அந்த அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் முகமோ செத்துப்போயிற்று. "நல்லது" என்று மட்டும் சொன்னார். மறுநாள் கிளம்பிவிட்டார். சென்னையில் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தாராம். அந்த மேடையோடு வாசிப்பதையே விட்டுவிட்டார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

மாடி அறையை இப்போது யாருக்கும் விடுவதில்லை. அமாவாசைதோறும் தறிகள் நின்றதும் அங்கே ஒரு வயலின் கேட்கிறது. கொஞ்சம் வாசிக்கும், நிற்கும். பதிலுக்குக் காத்திருக்கும். பிறகு மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கும். முதலில் நடுங்கினேன். இப்போது பாவமாகத்தான் இருக்கிறது.

போன அமாவாசையன்று மனசு கேட்காமல் அவருடைய எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். அன்றைக்குப் பொய் சொன்னேன், இரண்டு கேட்டது, ஒன்று இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று.

சாயங்காலம் பதில் வந்தது: "நீங்கள் ஒன்று என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் எனக்குக் கேட்கவே இல்லை. அடுத்த அமாவாசை என்றைக்கு?"