தாடைக்குள் ஒரு சின்ன ஓட்டை

வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவள் நான். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் கிளினிக், தாடை அறுவை சிகிச்சை தொழில். பல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரும் உங்களுக்கு, எதிரே நிற்கிறவளுக்கும் கையுறைக்குள் வேர்க்கும் என்பது தெரியாது. ஏழுமலை என்ற ஒரே ஆளால் எனக்கு வேர்த்ததைச் சொல்கிறேன்.

கட்டி

ஏழுமலை பொம்மையார்பாளையத்தில் மீன் பிடிக்கிறவர். தாடை வீங்கியிருக்கிறது என்று மனைவி கௌரியோடு வந்தார். எக்ஸ்ரே எடுத்தால், கீழ்த்தாடை எலும்புக்குள் பெரிய நீர்க்கட்டி. சுற்றியிருந்த எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்து கிடந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்ததும் சந்தோஷத்தில், "வெறும் கட்டிதாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் 'கட்டி' என்றாலே புற்றுநோய்தான் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

கௌரி கேட்டார்: "பசங்க சின்னதுங்க டாக்டரம்மா. இன்னும் எவ்ளோ நாளு இருப்பாரு, மறைக்காம சொல்லிடுங்க."

உப்புத் தண்ணீர்

உயிருக்கு ஆபத்தில்லை என்று புரியவைத்தேன். தாடைக்குத்தான் ஆபத்து. கட்டியை மொத்தமாகச் சுரண்டி எடுத்தால் எலும்பு முறியலாம், உதடு மரத்துப் போகலாம். அதனால் வாய்க்குள்ளிருந்தே கட்டியில் சின்ன ஓட்டை போட்டு, அதில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துத் தைத்தேன். குழாய் வழியே தினமும் சிரிஞ்சால் உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அழுத்தம் குறையக் குறையக் கட்டி சுருங்கும், எலும்பு வளரும். மாதக்கணக்கில் ஆகும்.

சில நாளிலேயே காய்ச்சலோடு வந்து நின்றார். தாடை சிவந்து, குழாயில் சீழ். இருக்கிற எலும்பும் கரைந்துவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. எந்தத் தண்ணீரை விட்டீர்கள் என்று கத்தினேன்.

ஏழுமலை நிதானமாகச் சொன்னார்: "உப்புத் தண்ணின்னுதான சொன்னீங்க? போட்டுல போறப்ப கடல்லருந்து மொண்டு அடிச்சிக்கினேன். அத வுட உப்பு எங்க இருக்குது?"

மீன்

மருந்தில் சீழ் அடங்கியது. அதன்பிறகு கௌரியே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, உப்புப் போட்டு, தன் கையாலேயே கழுவிவிட்டார். மாதங்கள் போயின. கடைசி எக்ஸ்ரேயில், கறுப்பாக இருந்த இடமெல்லாம் வெள்ளையாக எலும்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே எது வேணா கடிச்சி சாப்பிடுங்க" என்றேன்.

"மீனுகூடவா?" என்றார் கௌரி. மீன் முள்ளைக்கூடக் கடிக்கக் கூடாது என்று நான் எச்சரித்ததை, மீனே கூடாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை மாதமும் வீட்டில் கேப்பைக் கூழ்தானாம். நீங்களும் பிள்ளைகளுமாவது சாப்பிட்டிருக்கலாமே என்றேன்.

கௌரி சொன்னார்: "புடிச்சிக்கினு வர்றவரு வெறும் கூழ குடிச்சிக்கினு இருக்கறப்ப, எங்களுக்கு எப்பிடி எறங்கும் டாக்டரம்மா? பசங்களே வேணான்னுடுச்சிங்க."

நாங்கள் போடுவது என்னவோ சின்ன ஓட்டைதான். அது ஒரு வீட்டில் எத்தனை பேர் சாப்பாடு வரைக்கும் போகிறது என்பது மட்டும் எந்த எக்ஸ்ரேயிலும் விழுவதில்லை.