வெட்டிப் போட்ட தகடு

அந்தச் சனிக்கிழமை காலை பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, அவரிடம் வேலை பார்த்த இந்தோனேசியக்காரர், நான். அண்ணன் இல்லை. லாரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போயிருந்தான். கார் அவனுடையது. அவன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை.

பீடோங்கைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் எங்கள் தோட்டம். அங்கே முன்பு மேனேஜராக இருந்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பழைய மஸ்டாங் அது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், அதற்கேற்ற உறுமல். அவர் இறந்தபின் பங்களாவின் பின்கொட்டகையில் கோழி அடையும் கூடாகக் கிடந்தது. அவர் மனைவி பினாங்குக்குக் குடிபோகும்போது பதினாறாயிரம் மலேசிய வெள்ளிக்கு அண்ணனிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட படிவங்களும் கெரானும், அதாவது வண்டியின் பதிவு அட்டையும், ஒரு பிஸ்கட் டின்னில் வந்தன. பெயர் மாற்ற அரசாங்கச் சோதனை வேண்டும், ஓடாத காரை அதற்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஓடட்டும், பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அண்ணனுக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை. பன்னிரண்டு வருடம் குலை லாரி ஓட்டி முதுகு போயிருந்தது. இன்னும் சில வருடம் ஓட்டினால் நடப்பதே சிரமம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காரைச் சரிசெய்து கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பது அவன் திட்டம்.

"சுங்கை பட்டாணியில எல்லா மாப்பிள்ளையும் ஒரே மாதிரி காடியிலதான் வர்றான். நம்ம காடியில வந்தா, ஜனம் பொண்ணப் பாக்குறத விட்டுட்டு இதத்தான் பாக்கும் லா," என்பான்.

"அப்ப பொண்ணு வீட்டுல ஒதைப்பாங்க," என்பார் அண்ணி.

அவன் ஆறாம் வகுப்போடு நின்றவன். நான் நிற்காமல் இருப்பதற்காக அவன் நின்றான் என்று அம்மா சொல்வார். அவன் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போனது நான் ஒருவன்தான். ஆகவே ஆங்கிலத்தில் இருந்த பழுதுபார்க்கும் புத்தகம் என் கைக்கு வந்தது. எந்தப் பாகம், எந்த அளவு, எந்த நாட்டில் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மாமாவுக்குத் தகரத்தைத் தொட்டாலே அதன் வயது தெரியும். ஆனால் அவரும் என்னைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

அன்று எஞ்சினை இறக்கி வைத்திருந்தோம். முன்சக்கரத்துக்கு மேலே, எஞ்சினை ஒட்டிச் சுவர்போல நிற்கும் உள்தகடு அப்பளமாகத் துருப்பிடித்திருந்தது. அமெரிக்காவிலிருந்து புதுத் தகடு வரவழைத்தது நான்தான். மாமா வெட்டும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பிறகு குனிந்து, மேல்விளிம்பைக் கம்பிப் பிரஷால் தேய்த்தார்.

"மாப்ள, இங்க வா. இதுல என்னமோ குத்தி வச்சிருக்கான். எழுத்து மாதிரி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். பழைய பெயிண்டுக்கு அடியில் இரண்டு மூன்று எண்கள் மங்கலாகத் தெரிந்தன.

"பாகத்து நம்பரா இருக்கும், மாமா. வண்டி நம்பர் கதவுத் தகட்டுல இருக்கு. புத்தகத்துல போட்டிருக்கான்."

"இத மட்டும் விட்டுட்டு வெட்டவா? ஒரு விரக்கட இடந்தான்."

"விட்டா அங்கயிருந்து மறுபடியும் துரு ஏறும். வெட்டிடுங்க."

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்," என்று மாமா முகமூடியை இறக்கினார்.

புத்தகத்தில் கதவுத் தகட்டைப் பற்றி இருந்தது உண்மை. உள்தகட்டைப் பற்றியும் இருந்தது, நான்கு பக்கம் தள்ளி. நான் அதுவரை படிக்கவில்லை. வெட்டிய துண்டு மற்றத் துருவோடு சேர்ந்து பழைய இரும்பு வாங்குபவரின் லாரியில் போனது.

அதற்குப் பிறகு வேலை மெதுவாக நகர்ந்தது. தோட்டத்தில் கேலிக்குக் குறைவில்லை. "என்ன லா, இன்னும் பிரசவம் ஆகலையா?" என்று கோயில் வாசலில் கேட்பார்கள். "ரெட்டப் புள்ள, அதான் லேட்டு," என்பான் அண்ணன்.

வெட்டிய இரண்டாம் வருடம், பிரேக் பாகம் தேடும்போது கைப்பேசியில் ஒரு படம் பார்த்தேன். எங்கள் காரைப் போன்ற ஒரு கார். அதே உள்தகடு, அதே மேல்விளிம்பு, அதில் அம்புக்குறி. வண்டியின் அடையாளமான சாசி எண் குத்தியிருக்கும் இடம் அதுதான் என்று கீழே எழுதியிருந்தது. துருவை எடுக்கும்போது இந்த இடத்தைத் தொடாதீர்கள், தவறி வெட்டினால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள் என்றும் இருந்தது.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் இரும்புக்காரரிடம் போனேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தின இரும்பா, தம்பி? அது உருகிக் கம்பியாகி, இந்நேரம் எவன் வீட்டுத் தூணுக்குள்ளயோ நிக்கும். எந்த வீட்ட இடிக்கிறது, சொல்லு!"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? திரும்பும் வழியில் அன்று மாலையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் இருக்கைத் துணி மாதிரிகளைத் தரையில் பரப்பி, அண்ணியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வாடா, நீ சொல்லு. கறுப்பா, செவப்பா?" என்றான். நான் சிவப்பு என்றேன்.

அன்று சொல்லாததை அடுத்த நாள் சொல்வது இரண்டு மடங்கு கடினமாக இருந்தது. அடுத்த மாதம் பத்து மடங்கு. கதவுத் தகடு போதும் என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. பவர் ஸ்டீரிங் வந்தது. மணப்பெண்ணுக்கு வியர்க்கக்கூடாது என்று ஏர்கோன் வந்தது. இவற்றுக்காக அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லாரி ஏறினான். ஒவ்வொன்றையும் தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான்.

ஐந்தாம் வருடம் காரை லாரியில் ஏற்றி அலோர்ஸ்டார் பக்கம் சோதனைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தான். யான் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தான், முதல் வாடகை. சோதனை அதிகாரி காரைச் சுற்றி வந்து, "சந்தேக்," அழகு, என்றார். அண்ணனுக்கு முகமெல்லாம் பல். பிறகு அவர் எஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"நொம்போர் சாசி மானா, பாங்?"

சாசி எண் எங்கே என்று கேட்டார். கதவுத் தகட்டைக் காட்டினோம். போதாது என்று தலையை ஆட்டினார். தகடு யாரும் ஒட்டலாம், உடம்பில் குத்திய எண் வேண்டும் என்றார். புது ஒட்டு ஓடியிருந்த இடத்தில் விரலை வைத்து, பழைய துண்டு இருக்கிறதா என்று மலாயில் கேட்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள், இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று நான் சொல்லிவிட்டேன்.

அண்ணன் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

கார் திருட்டு வண்டியாக இருக்கலாம் என்று பிடித்து வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நாங்கள் இருவரும் வாக்குமூலம் கொடுத்துவிட்டு லாரியில் திரும்பினோம். குருண் ஊரைத் தாண்டியதும் அவன் சொன்னான்.

"ஒனக்கு முன்னயே தெரியும்."

"ம்."

"ஏர்கோன் போடுறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"பிரேக்கு?"

"அதுக்கும் முந்திண்ணே."

"சீட்டு?"

நான் லாரியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"செவப்புன்னு சொன்னியேடா," என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருட்டு வண்டி இல்லை, ஆனால் சாலையில் ஓட்ட அனுமதியும் இல்லை. எஞ்சினும் பிரேக்கும் ஏர்கோனும் தனித்தனியாகக் கழற்றப்பட்டு வாங்கியதில் பாதிக்கும் கீழே போயின. உடலை மாமாவே வெட்டினார். அன்று நான் போகவில்லை. அண்ணன் இன்னும் குலை லாரிதான் ஓட்டுகிறான், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு. என்னிடம் பேசுகிறான், சாப்பிட்டியா என்று கேட்கிறான். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் மட்டும் என்னிடம் காட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறான்.

விற்றதைக் கழித்தபின் போனது ஐம்பத்து நாலாயிரத்து அறுநூறு வெள்ளி. அதில் இருபத்து மூவாயிரத்து எழுநூறு, எனக்குத் தெரிந்த பிறகு போனது.