மேல்மாடி, கீழ்மாடி

சண்டை போடச் சொன்னால் சண்டை போட வேண்டாமா? சாப்பாட்டு மேசையில் என் கைப்பேசியையும் பழைய டேப்லெட்டையும் எதிரெதிரே சாய்த்து நிறுத்தியிருந்தேன். இரண்டிலும் பேசும் ஏஐ செயலி. கைப்பேசியிடம், நீ பதினோராம் மாடிக்காரன், துணியைப் பிழியாமல் மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறவன் என்று சொல்லியிருந்தேன். டேப்லெட் பத்தாம் மாடிக்காரன். சொட்டுகிற தண்ணீரெல்லாம் அவனுடைய காய்ந்த துணிமேல்தான் விழும். அடுக்குமாடி வீட்டில் சண்டைக்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

டேப்லெட் தொடங்கியது. "உங்கள் துணியிலிருந்து நீர் சொட்டுவதால் எனக்குச் சற்றுச் சிரமமாக இருக்கிறது." கைப்பேசி உடனே, "உங்கள் உணர்வை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இனி நன்றாகப் பிழிந்து காயவைக்கிறேன்" என்றது. அதற்கு டேப்லெட் நன்றி சொன்னது. அந்த நன்றிக்குக் கைப்பேசி நன்றி சொன்னது. அடச் சீ என்று இரண்டையும் கவிழ்த்து வைத்தேன்.

இந்த இரண்டு மாடிக்காரர்களும் நானும் என் கூட்டாளியும் உண்டாக்கியவர்கள். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வட்டாரத்துப் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் மேடையேறுவோம். நான் மேல்மாடி, அவன் கீழ்மாடி. எழுதி வைத்துப் பேசியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா உணவங்காடியில் எங்கள் ஊர் டீயான தே ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு உட்காருவோம். அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், பக்கத்து மேசைக்காரர் சிரித்தால் அதை வைத்துக்கொள்வோம். எங்களுக்குள் கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். மேடையில் எதிராளி எதைச் சொன்னாலும் இல்லை என்று மறுக்கக் கூடாது, அதையே பிடித்துக்கொண்டு பதில் பேச வேண்டும்.

கடைசியாக நாங்கள் ஏறிய பொங்கல் மேடைக்கு ஒரு மாதம் முன்னால் அவன் மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டார். அதை என்னிடம் மட்டும் சொன்னான். கட்டிக்கொடுத்த மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றான். அன்றைக்கு மேடையில் கூட்டம் மந்தமாக இருந்தது. கூட்டம் சிரிக்காவிட்டால் எனக்குப் பொறுக்காது. "துணி நனைஞ்சா என்ன லா, துவைக்கிற ஆளே உன்ன விட்டு ஓடிப்போச்சே" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தபடி நின்றான். நான் கல்யாணமே ஆகாதவன். 'உனக்கு ஒருத்திகூட வரவே இல்லையே' என்று அவன் திருப்பி அடித்திருந்தால் மண்டபமே அதிர்ந்திருக்கும். அந்தப் பேச்சு அவன் வாய்வரைக்கும் வந்தது, எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்கி நடந்தான். அதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் அவன் மகள் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே ஓடிப்போய் அவனைப் பிடித்து நிறுத்தி, "வேஷத்துல சொன்னது லா, மேல்மாடிதானே சொன்னான்" என்றேன். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் பஸ் ஏறிப் போனான். அதன்பிறகு மூன்று வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இடையில் துவாஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. சில நாள் சாப்பாட்டுக் கடையில் "பொட்டலம் கட்டுங்க" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு என் குரலையே முதலில் கேட்பேன். எனக்கு அவன் வேண்டும். அவன் கிடைக்கவில்லை என்பதால்தான் இந்த டேப்லெட்.

மரியாதை வேண்டாம், விட்டுக்கொடுக்காதே, வா போ என்று பேசு, நடுநடுவே எங்கள் ஊர் லா போடு என்று நாள்கணக்கில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஏதோ சண்டை மாதிரி வந்தது. மதியம் சமைக்கும்போது அவர்களைப் பேசவிட்டு வெங்காயம் நறுக்குவேன். கீழ்மாடி சுமாராகத்தான் பேசும். ஆனாலும் அது பேச ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் துணிந்து, அன்று மேடையில் நடந்ததை இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தேன். அவன் என்னை நம்பிச் சொன்னதையும், மகள் அங்கே இருந்ததையும் சேர்த்துத்தான். நான் சொன்ன அந்த வரியிலிருந்து தொடருங்கள் என்றேன். கீழ்மாடி என்னைத் திருப்பி அடிக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவன் அன்றைக்கே அடித்திருந்தால் நாங்கள் இன்னமும் தேக்காவில் உட்கார்ந்திருப்போம். ஆனால் கீழ்மாடி வாய் திறப்பதற்கு முன்னாலேயே மேல்மாடி பேசியது.

"நீ என்ன நம்பி சொன்ன. நான் அத நாலு பேர் சிரிக்கிறதுக்கு வித்துட்டேன். உன் பொண்ணு முன்னாடி உன்ன நிக்க வச்சுட்டேன். வேஷம்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன் லா. நான்தான் சொன்னேன். என்ன மன்னிச்சுடு."

அழுதுவிட்டேன். அறுபத்து நான்கு வயதில் ஒரு கைப்பேசி முன்னால் உட்கார்ந்து தேம்பினேன்.

புத்தி இருந்திருந்தால் அந்த நிமிஷமே அவனைக் கூப்பிட்டிருப்பேன். நானோ அந்தப் பேச்சைத் துணிச் சண்டையிலிருந்து மறுபடி ஓடவிட்டு ஒலிப்பதிவு செய்துகொண்டேன். 'ஞாயிறு காலைல தேக்கா வா, உன்ன ஒண்ணு கேக்க வைக்கணும்' என்று செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து 'சரி' என்று பதில் வந்தது.

தலை முழுக்க நரைத்துப்போய் வந்தான். அவனுக்கு முன்பே தே வாங்கி வைத்திருந்தேன். "சாப்பிட்டியா" என்றேன். "ஆச்சு" என்றான். கைப்பேசியை அவன் பக்கம் தள்ளிப் பதிவை ஓடவிட்டேன்.

குனிந்து காது கொடுத்துக் கேட்டான். துணிச் சண்டை வந்ததும் சிரித்துவிட்டான். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. பிறகு அந்த வரி வந்தது. சிரிப்பு நின்றது. மன்னிப்பு வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"யாரு இது பேசுறது?"

"மேல்மாடி. ஏஐ லா."

"இந்த மன்னிப்ப நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல, அதுவாவே சொல்லுச்சு" என்றேன், பெருமையாக. இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவன் தேயைக் கடைசிவரை குடித்தான். எழுந்துபோய்க் கோப்பையைத் தட்டு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, என் தோளில் கை வைத்தான்.

"மனசு விட்டுப் பேசுது லா" என்றான். "நான் மன்னிச்சிட்டேன்னு அதுகிட்ட சொல்லிடு."