தலை குனிந்த விளக்கு

சபையாரே, 1936 ஆடி மாதம் என் மனைவி எஸ்தரை மலையிலிருந்து பிணமாகத்தான் இறக்கப்போகிறேன் என்று நினைத்தேன். இன்று வாய் திறந்து சாட்சி சொல்கிறேன் என்றால் அது ஆண்டவரின் இரக்கம்.

நான் வால்பாறையில் ஒரு எஸ்டேட்டின் லாரி டிரைவர். அந்த ஆடி மழையில் கல் உருண்டு வந்து லாரியின் முன்விளக்கு இரண்டையும் நொறுக்கிவிட்டது. கோயமுத்தூர் போய்ப் புது விளக்கு பார்த்தேன். சின்னதும் இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பெரியதும் இருந்தது. மலை ரோட்டுக்குப் பெரியதுதான் சரி என்று எடுத்தேன். பாட்டரிக்குப் பொருந்துகிற பல்புதானா என்று கேட்டுக்கொண்டேன். பொள்ளாச்சி மெக்கானிக் பொன்னுசாமி லாரியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சம் நேராக விழும்படி வைத்து நட்டை முறுக்கினார்.

“இனிக் கண்ண மூடிட்டுப் போலாமுங்க” என்றார்.

லாரி அப்போது காலி. அதை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக் கட்டி முடித்த நேரம், மாசமாயிருந்த எஸ்தருக்கு வலி கண்டது. உதிரம் நிற்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டர் கையைப் பிசைந்தார். “இங்க வெச்சிருந்தா ரெண்டு உசுரும் தங்காதுங்க. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க.”

பெட்டிகளை இறக்க நேரமேது? என் மாமியார் மடியில் எஸ்தரைச் சாய்த்துக்கொள்ள, வண்டியைக் கிளப்பினேன்.

இரண்டு வளைவு தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. விளக்கைப் போட்டேன். முகத்துக்கு நேரே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. பாரத்தில் லாரியின் பின்பக்கம் அமுங்கி, வெளிச்சம் ரோட்டில் விழாமல் மேலே பனியில் போய் மோதுகிறது என்று பிற்பாடுதான் புரிந்தது. அப்போது பயத்தில் ஒன்றும் ஓடவில்லை. இடது பக்கம் பள்ளம். எவ்வளவு கிட்டத்தில் என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

“நிறுத்தாதீங்க மாப்பளே. புள்ளைக்குக் கையெல்லாம் சில்லுனு ஆகுதுங்க” என்றார் மாமியார்.

“ரோடே தெரியலைங்க அத்தை.”

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன். “ஆண்டவரே, எனக்குக் கண் தெரியவில்லை. நீர் பாரும்.” அவ்வளவுதான் வந்தது. அழுகைதான் மிச்சம். பிறகு நடக்கிற வேகத்தில் உருட்டினேன்.

சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. முன்னால் படீரென்று சத்தம். இடது விளக்கின் நட்டு கழன்று, விளக்கு அப்படியே தலை குனிந்துவிட்டது. பட்ட காலிலேயே படும் என்பார்களே, அப்படி நொந்துபோனேன். ஆனால் அந்த வெளிச்சம் தரையில் விழுந்தது. ரோட்டோரத்தில் சுண்ணாம்பு அடித்து நட்ட கற்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. அதன் பிறகு கல் இல்லை. மழை ரோட்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் பள்ளம்.

ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்து அந்த இடத்தைக் கடந்தேன். பிறகு இறங்கி, இடது விளக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சரியாக இருந்த வலது விளக்கையும் என் கையாலேயே குனிய வைத்தேன். கல்லைப் பார்த்துப் பார்த்தே மலை இறங்கி, பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்றுமுதல் பாரம் ஏற்றிய பிறகுதான் விளக்கைச் சரிபார்க்கிறேன். நானும் தலை குனிந்து ஜெபிக்காமல் வண்டியை எடுப்பதில்லை. பொன்னுசாமி கேலி செய்வார், செய்யட்டும்.

உங்களில் யாருக்காவது வழி தெரியாமல் பனி மூடியிருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பொள்ளாச்சி வரைக்கும் எனக்கு அவர் காட்டவில்லை. அடுத்த கல்லைக் காட்டினார், அது போதுமாயிருந்தது.

நான் பேசத் தொடங்கியது முதல் பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கிறதே, எஸ்தர் மடியில். பிழைத்த பிள்ளை என்று அந்தக் குழந்தையைத்தான் சொன்னேன்.